12 கிலோமீட்டர்தானே என்று சத்திரம் போன கதை

சபரிமலைக்கு மாலை போட்ட அன்றைக்கே, எங்கள் குழுவை அழைத்துப் போகும் குருசாமி சொல்லிவிட்டார். "இந்தத் தடவை, முதல் தடவையா மலைக்கு வர்ற கன்னிசாமி ஒருத்தர் இருக்காரு. எருமேலி வழியாவே போயிடலாம்." கெடுத்தது நான்தான்.

எருமேலியிலிருந்து பம்பை வரை பெருவழி 40 கிலோமீட்டர் என்பார்கள், 50 என்பார்கள், ஆளுக்கொரு கணக்கு. எப்படிப் பார்த்தாலும் அழுதை மேடு, கரிமலை ஏற்றம், கரிமலை இறக்கம் என்று இரண்டு நாள் போய்விடும். எங்கள் ஏழு பேரில் மூன்று பேருக்கு அவ்வளவு லீவு இல்லை. வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடத்தில் இறங்கி, புல்மேடு வழியாகப் போனால் சன்னிதானம் 12 கிலோமீட்டர்தான். காலையில் காட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம் தரிசனம் என்று போனில் வரைபடத்தைக் காட்டி எல்லோரையும் மடக்கிவிட்டேன். குருசாமி "உங்க இஷ்டம் சாமி" என்றார். அவர் அப்படிச் சொன்னால் சம்மதமில்லை என்று அர்த்தம். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆன்லைன் வரிசைக்குப் பதிவு செய்தது பத்து நிமிட வேலை. அதில் நான் செய்த கோளாறு, கிளம்பும் நாளுக்கே தரிசன நேரத்தையும் போட்டது. மதுரையில் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் சத்திரம் என்பது என் கணக்கு. சத்திரத்தில் அப்போது காலை 7 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் காட்டுக்குள் விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் நான்கு மணி நேரம் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

கம்பத்தில் நிறுத்தினார்கள். மார்கழிக் கூட்டம் என்பதால் ஒருவழிப் பாதை. போகிற வண்டியெல்லாம் கம்பம்மெட்டு வழியாகப் போக வேண்டும், திரும்புகிற வண்டிகள்தான் குமுளி வழியாக வரும். வருஷா வருஷம் கூட்டம் கூடும்போது செய்வதுதான், புதிதல்ல. ஆனால் அந்தப் பாதை கட்டப்பனை வழியாகக் குட்டிக்கானத்துக்குப் போகிறது. பம்பைக்கோ எருமேலிக்கோ போகிறவர்களுக்கு அது சுற்று, அவ்வளவுதான். வண்டிப்பெரியாறு போகிறவனுக்கோ, ஊரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிற கதை. "நாங்க சத்திரம் போறோம்" என்று கெஞ்சிப் பார்த்தோம். பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? குமுளி வழியாக ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய தூரம். குட்டிக்கானத்தில் டீ குடிக்கும்போதே மணி பதினொன்று. அங்கிருந்து பீர்மேடு வழியாக எதிர்த்திசையில் ஊர்ந்து வண்டிப்பெரியாறு வந்தபோது பன்னிரண்டு இருபது.

அங்கே இறங்கியதும் வேன் டிரைவர், "நான் நிலக்கல் போய் பார்க்கிங்ல இடம் பிடிக்கணும், இப்பவே கிளம்பினாத்தான் முடியும்" என்று போய்விட்டார். புல்மேடு வழியில் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் வெளியே வருகிறீர்கள். திரும்பும்போது பம்பையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் நிலக்கல் போய்த்தான் வண்டியைப் பிடிக்க முடியும். ஓட்டுகிறவரும் மாலை போட்டிருந்தால் அவர் உங்களோடு நடக்க முடியாது. எங்கள் டிரைவர் மாலை போடாதவர் என்பதால் அந்த விஷயத்தில் மட்டும் தப்பித்தோம்.

ஜீப் பிடித்துச் சத்திரம் போய் இறங்கியபோது ஒன்று இருபத்தைந்து. கயிறு கட்டியாகிவிட்டது. "நாளெ ராவிலே ஏழு மணி, சாமி" என்று மலையாளத்தில் சொன்னார் அங்கே நின்றவர். நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் இனி விடுவார்களாம். அவர் மேல் தப்பே இல்லை. அது பெரியாறு புலிகள் காப்பகம். இருட்டிய பிறகு யானை நடமாடும் காடு. 2011 ஜனவரி 14 அன்று இதே புல்மேட்டில் மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் நெரிசலாகி நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நேரக்கட்டுப்பாடு சும்மா வரவில்லை. இருபத்தைந்து நிமிஷம்தானே என்று அவரிடம் நான் வாதாடியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

எருமேலிக்குப் போய்விடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. வேன் இல்லை, லீவும் இல்லை. சரி, ராத்திரி இங்கேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று முடிவு செய்த பிறகுதான் அடுத்த இடி: எங்கள் பதிவு அன்றைய தேதிக்கு. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தேதியே மாறினால்? விசாரித்ததில், சத்திரத்திலேயே நேரடிப் பதிவு உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொருவரும் ஆதார் காட்ட வேண்டும் என்றார்கள். ஆறு பேரிடம் இருந்தது. கன்னிசாமியின் ஆதார், துணிப்பையோடு நிலக்கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பந்தலில் படுத்தோம். சத்திரத்துக் குளிரில் யாரும் தூங்கவில்லை. விடிகாலை நாலரைக்கே வரிசையில் நின்றுவிட்டோம். கன்னிசாமிக்கு வயது பத்தொன்பது. அவருடைய ஆதாரில் அம்மாவின் போன் நம்பர்தான் இருக்கிறது. டிஜிலாக்கரில் எடுத்துவிடலாம் என்றால் ஓடிபி அம்மாவுக்குத்தான் போகும். இந்தப் பக்கம் சிக்னல் ஒரு கோடு, அதுவும் டீக்கடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றால்தான். நான் தூணைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மெசேஜ்ல ஆறு நம்பர் வந்திருக்கும், படிங்க" என்றேன். அவர் நிதானமாக ஒரு நம்பரைப் படித்தார். தப்பு. மறுபடி அனுப்பி, மறுபடி படித்தார். அதுவும் தப்பு. கடைசியில் பார்த்தால் அவர் படித்துக்கொண்டிருந்தது ஏதோ கடன் கொடுக்கிற கம்பெனியின் விளம்பர மெசேஜை. மூன்றாவது தடவை ஆதார் வந்தது. கவுன்டரில் இருந்தவர் போனை வாங்கி, என் முகத்தையும் கன்னிசாமி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். இதை நம்பி யாரும் போகாதீர்கள். ஒரிஜினல் ஆதாரை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், பையில் வைக்காதீர்கள்.

ஏழு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். பிளாஸ்டிக் சோதனையில் என் பன்னீர் பாட்டில் போனது. அப்புறம் நடை. உப்புப்பாறை வரை, புல்மேடு வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மஞ்சு மூடிய புல்வெளி, ஏற்றம் இறக்கம் எல்லாம் இதமாக, ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே நடக்கலாம். அதற்குப் பிறகு சன்னிதானம் வரைக்கும் இறக்கம். ஏற்றத்துக்குப் பயந்து இந்த வழியைத் தேர்ந்தெடுத்தவன் நான். முழங்கால் கழன்று போனது இறக்கத்தில். ஈரமண் வழுக்குகிறது, வெறுங்காலில் அட்டை ஏறுகிறது, தலையில் இருமுடி இருப்பதால் குனிந்து பார்க்கவும் முடியாது. எங்களில் மூத்தவரான குருசாமி ஒரு கோலை ஊன்றி முன்னால் போய்க்கொண்டே இருந்தார். மூட்டுவலிக்காரர்கள் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மழை பலத்தால் இந்த வழியை அன்றைக்கே மூடவும் செய்வார்கள், முந்தின நாள் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

சன்னிதானத்தில் வரிசையில் நின்று, பதினெட்டாம் படி ஏறி, தரிசனம் நன்றாகவே கிடைத்தது. வெளியே வந்து நெய்த்தேங்காய் உடைக்க உட்கார்ந்தபோதுதான் கன்னிசாமி கேட்டார்: "சாமி, சரங்குத்தி எங்க இருக்கு? நான் சரம் குத்தணும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. சாயம் பூசிக்கொண்டு ஆடுகிற பேட்டை துள்ளல் எருமேலியில். கன்னிசாமிகள் கொண்டுவரும் சரத்தை, அதாவது மர அம்பை, குத்திவைக்கிற சரங்குத்தி, பம்பையிலிருந்து ஏறி வருகிற வழியில். நாங்கள் வந்ததோ காட்டுப் பக்கமாகச் சன்னிதானத்தின் பின்புறம். பம்பையில் குளிக்கவில்லை, நீலிமலை ஏறவில்லை, அப்பாச்சிமேட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. கீழே இறங்கும்போது போகலாம் என்றால், இறங்குகிறவர்களை வேறு பாதையில் விடுகிறார்கள்.

நான் குருசாமியைப் பார்த்தேன். அவர் தேங்காய் ஓட்டில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அடுத்த வருஷம் எருமேலி வழியா வாங்க சாமி. அதுவரைக்கும் நீங்க கன்னிசாமிதான்" என்றார்.