ஒன்றே ஒன்று வந்த கட்டம்

"சார், மத்த 29 கட்டத்துல எதுல எண்ணிக்கை இறங்கியிருந்தாலும் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

2019-ல் எங்கள் ஆய்வு மாணவி சொன்னது. கேட்டேன், தலையசைத்தேன், அப்புறமும், ஒரு பல்சாரை (வேகமாகச் சுழன்று துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) அதன் துணை விண்மீன் மறைக்கிறது என்று எங்கள் கட்டுரையில் அவர் எழுதியிருந்த பத்தியை எடுத்துவிடச் சொன்னேன்.

ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 11 ஆண்டுகளில் பிடித்த காமா போட்டான்களை (காமா கதிர்த் துகள்களை) சுற்றுப்பாதைக் காலத்துக்கு மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, 30 கட்டங்களாகப் பிரித்திருந்தோம். துணை விண்மீன் பல்சாருக்கு முன்னால் வந்து நிற்கும் கட்டத்தில், மறைவு இல்லையென்றால், பின்னணியோடு (வேறிடங்களிலிருந்து வருபவை) சேர்த்து 6 வந்திருக்க வேண்டும். வந்தது 1. முப்பதில் ஏதாவது ஒன்று இப்படி இறங்கத்தான் செய்யும் என்றேன். பொதுவாக அது சரிதான். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று முன்பே தெரிந்துதான் அவர் பார்த்தார். அந்த வித்தியாசம் எனக்குப் புரியாமல் இல்லை.

இன்னொரு காரணமும் வைத்திருந்தேன். இந்த ஜோடியில் ரேடியோ அலை மறைவது பெரிய விஷயமில்லை. துணை விண்மீனிலிருந்து பிய்ந்து வரும் பிளாஸ்மாவே அதை மறைத்துவிடும். காமா கதிர் பிளாஸ்மாவைத் தாண்டிப் போய்விடும். விண்மீனே குறுக்கே நின்றால்தான் மறையும். அதற்குப் பாதையை நாம் கிட்டத்தட்ட விளிம்பிலிருந்து பார்க்க வேண்டும். துணை விண்மீனின் ஒளிமாற்றத்தை வைத்துப் போட்ட கணக்கு மாதிரி, நாம் அப்படிப் பார்க்கவில்லை என்றது. அதை நம்பினேன்.

2023-ல், 49 'சிலந்தி' வகை ஜோடிகளில் (பல்சார் தன் துணையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் ஜோடிகள்) தேடி 7-ல் காமா கிரகணம் கண்டதாக ஒரு ஆய்வு வந்தது. கருப்பு விதவை என்று பெயர் வாங்கிய பி1957+20 அதில் ஒன்று. ஒளிமாற்றத்தை வைத்து அதன் பல்சாருக்குச் சூரியனைப்போல் 2.4 மடங்கு நிறை சொல்லியிருந்தார்கள். கிரகணம் தெரிந்ததும், பாதையின் சாய்வை அந்த மாதிரி தவறாகச் சொல்லியிருந்தது புரிந்து, அது 1.8 ஆகக் குறைந்தது. நான் சாய்ந்து நின்ற அதே வகை மாதிரிதான். எங்கள் பல்சார் அந்த 7-ல் இல்லை. இருந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

17 ஆண்டுத் தரவு சேர்ந்ததும் மறுபடி மடித்துப் பார்த்தேன். அதே கட்டத்தில் 9 வர வேண்டிய இடத்தில் 4. புதிய 6 ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 3-க்கு 3, பள்ளமே இல்லை. நான் செய்தது சரி என்று இதைக் காட்டலாம். ஆனால் அந்த மூன்றில் எத்தனை பின்னணியிலிருந்து வந்தவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர, பத்தியை நீக்கியபோது இந்த 3 என் கையில் இல்லை. கட்டுரையை மதிப்பிடுபவர் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொள்வாரே என்ற பயம்தான் இருந்தது. அதை மாணவியிடம் சொல்லவில்லை. புள்ளியியலைச் சொன்னேன்.