உதிரி சிகரெட்டில் படம் ஏது?

2016-லிருந்து சிகரெட் பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் வந்துவிட்டது, சரி, ஆனால் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் முழு பாக்கெட் வாங்குகிறவரை நான் பார்த்ததே அபூர்வம். ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்தைத் தினமும் பார்ப்பவர் கடைக்கார அண்ணன் மட்டும்தான் (அவர் பீடி, சிகரெட் தொடுவதே இல்லை!).

கல்லூரிப் பையன்கள் பழக ஆரம்பிப்பதும் இந்த ஒற்றை சிகரெட்டில்தான், கையில் இருக்கும் சில்லறையே போதுமே. 2020-ல் மகாராஷ்டிரா உதிரி விற்பனைக்குத் தடை போட்டது. நாடு முழுவதற்குமான 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் எதுவும் விற்கக்கூடாது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்கேயுமே விற்கக்கூடாது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை என்பதுகூட என் நண்பர்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

விழிப்புணர்வுப் பேரணியெல்லாம் நடக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் நம் எம்.எல்.ஏ., கவுன்சிலர் யாராவது ஒரு சாயங்காலம் அந்தக் கயிற்றுப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பார்க்கட்டும்.