கத்தி எடுக்காத சர்ஜன்

இங்கிலாந்தில் ஜி.பி.யாக, அதாவது குடும்ப டாக்டராக, இருந்தபோது போலீஸ் டாக்டர் வேலையும் பார்த்தேன். தொண்ணூறுகளில் அதற்குப் பெயர் 'போலீஸ் சர்ஜன்'. ஆபரேஷனும் கிடையாது, நான் போலீஸும் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போக வேண்டும், போனதற்குக் காசு.

சேர்வது பெரிய பாடாக இல்லை. பின்னணி விசாரிப்பு, சில நாள் பயிற்சி, அப்புறம் ஒரு சீனியர் பின்னால் சில இரவுகள்.

தனியாகப் போன முதல் நாள், விடிகாலை மூன்று மணி. லாக்-அப்புக்குப் பொறுப்பான சார்ஜென்ட் கேட்டார்: "இவரை இங்கே வைத்திருக்கலாமா? விசாரிக்கலாமா?" இரண்டும் வேறு வேறு கேள்விகள். போலீஸ் அதிகாரங்களை வரையறுக்கும் 1984ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டப்படி, குற்றம் சாட்டாமல் சாதாரணமாக 24 மணி நேரம்தான் பிடித்து வைக்கலாம். அதனால் அவர் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

அந்த ஆள் மேல் சாராய நெடி, பேச்சு குழறியது. 'போதை, அரை மணிக்கொரு தடவை எழுப்பிப் பார்க்கவும்' என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். குடித்தவனுக்கும் தலையில் அடிபடும், சர்க்கரை இறங்கும் என்று சீனியர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை சரியாக இருந்தது. முடிக்குள் விரலை விட்டால், காதுக்குப் பின்னால் பெரிய வீக்கம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். காவலுக்கு இரண்டு பேரைக் கூடவே அனுப்ப வேண்டுமே என்று சார்ஜென்ட் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

என்னை உண்மையில் பாடுபடுத்தியது காயங்களை எழுதுவதுதான். கிளினிக்கில் தோல் பிளந்த எதையும் 'லேசரேஷன்' என்று கிறுக்கிவிட்டுத் தையல் போடுவேன், யாரும் கேட்டதில்லை. தடயவியலில் அந்தச் சொல் மொட்டையான பொருளால் அடிபட்டுக் கிழிந்த காயத்துக்கு மட்டும்தான். கத்தி, கண்ணாடி வெட்டியது என்றால் 'இன்சைஸ்டு'. கிழிந்த காயத்தின் ஓரம் பிசிறாக இருக்கும், உள்ளே இழைகள் அறுபடாமல் குறுக்கே கிடக்கும். என் முதல் குறிப்பில் சுத்தமான வெட்டு ஒன்றுக்கு 'லேசரேஷன்' என்று எழுதியிருந்தேன். சீனியர் சிவப்பு மையால் சுழித்து, "கத்தியே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

அந்தக் கூச்சத்தில்தான் லண்டன் அபாதிகரீஸ் சொசைட்டி என்ற பழைய மருத்துவச் சங்கம் அப்போது நடத்திய டி.எம்.ஜே. என்ற சட்ட மருத்துவ டிப்ளமோ தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். கிளினிக் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகம், பாதி நாள் அதன் மேலேயே தூக்கம். பிறகு கோர்ட்டில் வக்கீல் என் அறிக்கையில் கேட்ட முதல் கேள்வியே அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். இந்தத் தடவை 'இன்சைஸ்டு' என்று எழுதியிருந்தேன்.