பின்சீட்டில் ஆள் ஏறினால் உரசும்

நான் தனியாக ஓட்டினால் கார் வாயே திறக்காது. சித்தி பின்சீட்டில் ஏறினால்தான் சத்தம் வரும். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே மூன்று மாதம் இழுத்தடித்தேன்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் திருவந்திபுரத்தில் கல்யாணம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பும்போது பின்னால் அம்மா, பெரியம்மா, சித்தி. டிக்கியில் வரிசைத் தட்டுகளும் ஒரு வாழைத்தாரும். முதல் வேகத்தடையில் 'சர்ர்க்' என்றது. இரண்டாவதில் ரப்பர் கருகும் வாடை. "என்னடா, அடியில ஏதோ கிழியுது?" என்றார் சித்தி. "ரோடு சரியில்ல சித்தி" என்று சமாளித்தேன். கோயிலருகே இறங்கிப் பார்த்தால், பின்டயர் இரண்டிலும் வெளி ஓரத்தில் கத்தியால் கீறியது போலச் சுற்றிலும் ஒரு கோடு.

வண்டி 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதோடு வந்த 15 இன்ச் அலாய் சக்கரமும் 185/60 டயரும் (185 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்) என் கண்ணுக்குச் சைக்கிள் சக்கரமாகத் தெரிந்தன. வண்டியை 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். புதுச்சேரியில் ஒரு கடையில் ஏழரை இன்ச் அகலமுள்ள 17 இன்ச் அலாயும் 215/45 டயரும் மாட்டினேன். சாயங்காலம் பாண்டி பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு போக வேண்டும் என்று ஆசை. ஆறு மணிக்கு மேல் அந்த ரோட்டில் வண்டியே விடமாட்டார்கள் என்பது அன்றைய உற்சாகத்தில் நினைவுக்கு வரவில்லை.

உரசுகிறது என்று சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அலாய் விற்றவர், "ஸ்பேசர் போட்டா சரியாயிடும்" என்றார். சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தகடு அது. உள்பக்கம் உரசினால் அது சரி. வெளிப்பக்கம் உரசுகிற சக்கரத்தை இன்னும் வெளியே தள்ளினால் என்ன ஆகும்? நண்பன் ஒருவன் கிரைண்டரோடு வந்து நின்றான், ஆர்ச் விளிம்பை, அதாவது டயருக்கு மேலே வளைந்திருக்கும் பாடியின் ஓரத்தை, அறுத்துவிடலாம் என்று. நல்லவேளை, அன்று கரண்ட் இல்லை.

அந்த ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. பழைய சக்கரம் ஆறு இன்ச் அகலம், பின்னால் ஈடி 40 என்று அச்சடித்திருந்தது. ஈடி என்பது ஆஃப்செட்: ஹப்பில் பொருந்தும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். புதியது ஏழரை இன்ச், ஈடி 35. ஒன்றரை இன்ச் கூடுதல் அகலத்தில் பாதி, அதாவது 19 மி.மீ., வெளியே வரும். ஆஃப்செட் குறைந்ததால் இன்னும் 5 மி.மீ. ஆக, பழைய சக்கரத்தைவிட 24 மி.மீ. வெளியே நிற்கிறது. டயர் உயரமும் 603 மி.மீ.யிலிருந்து 625 ஆகிவிட்டது. வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தை மேலேயும் வெளியேயும் வளர்த்துவிட்டு, உரசுகிறதே என்று புலம்பியிருக்கிறேன்.

சரி, எங்கே உரசுகிறது? மறுநாள் காலை பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, பின்டயர்களின் தோள் முழுக்க விரலால் தடவினேன். தெருப்பையன்கள் மூன்று பேரைப் பின்னால் ஏற்றி, டிக்கியில் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளை வைத்து, கெடிலம் பாலம் வரை போய் வந்தேன். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஆர்ச் விளிம்பின் உச்சியில் மெல்லிய வெள்ளைத் தீற்றல். ஆனால் பம்பரும் ஆர்ச்சும் சேருகிற இடத்தில், உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூவின் தலையில் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. டயரைக் கீறிய கத்தி அதுதான். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

முதுநகரில் டிங்கர் வேலை செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அறுக்கவே கூடாது என்றார். "பின்னாடி ஆர்ச் ஒத்தத் தகடு இல்ல தம்பி. வெளித்தகடும் உள்தகடும் சேத்து ஸ்பாட் வெல்டு அடிச்சிருக்கான். அறுத்தா வாய் பிளந்துடும், தண்ணி உள்ள போகும். நம்ம ஊரு உப்புக்காத்துல ரெண்டு மழைக்குத் தாங்காது." ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டைத் தலை ஸ்க்ரூ போட்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஹப்பில் ரோலரை போல்ட் போட்டு மாட்டினார். விளிம்பை ஹீட் கன்னால் சூடாக்கி, புறங்கையை வைத்துப் பார்த்து, கை தாங்காத சூடு வந்ததும் ரோலரை அழுத்தி இப்படியும் அப்படியும் மெதுவாக உருட்டினார். பெயின்ட் குளிர்ந்திருக்கும்போது மடக்கினால் வெடித்துவிடும். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், பேச்சே கிடையாது. உள்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு மேலே மடங்கிப் படிந்தது. வலதுபக்கம் ஒரு இடத்தில் மட்டும் மயிரிழை விரிசல். அங்கே பிரைமர் அடித்து, சீலன்ட் தடவி, துருத்தடுப்புக் கோட்டிங்கும் கொடுத்தார்.

முன்பக்கம் எளிது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பிளாஸ்டிக் லைனரில் பட்டது, அதையும் சூடாக்கி உள்ளே தள்ளிவிட்டோம்.

அப்படியும் அரிசி மூட்டையோடு ஒரு தடவை 'சர்ர்' வந்தது. அண்ணன் டயரைத் தட்டி, "இது பெருசு தம்பி" என்றார். ஐந்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத டயர். மனசு வரவில்லை, ஆனாலும் நான்கையும் விற்று 205/40 போட்டேன். உயரம் 596 மி.மீ., பழைய 15 இன்ச் சக்கரத்தைவிட 7 மி.மீ. குறைவு. எடை தாங்கும் எண் மட்டும் கம்பெனி டயருக்குக் குறையாமல் 84 இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். நாலு பேர் ஏறும் வண்டியில் அதில் சமரசம் கிடையாது. கடைசியாக வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங் போட்ட அன்றே செய்திருக்க வேண்டும். செய்யாததால் முன்டயர்களின் உள் ஓரம் மட்டும் ஏற்கெனவே தேய்ந்திருந்தது.

டயர் சிறுத்ததில் வண்டி இன்னும் கிட்டத்தட்ட 15 மி.மீ. கீழே போய்விட்டது. வேகத்தடைகளில் இப்போது நண்டு மாதிரி குறுக்காக ஏறி இறங்குகிறேன். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டுவது காதில் விழுகிறது. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவைச் சொல்லி ஒருநாள் யாராவது நிறுத்தவும் செய்யலாம். பழைய அலாய் நான்கும் மாடியில் தார்ப்பாய் போட்டுப் பத்திரமாக இருக்கின்றன.

போன வாரம் அதே மூன்று பேரோடு மறுபடியும் திருவந்திபுரம் போனேன். சத்தம் இல்லை, வாடை இல்லை. இறங்கும்போது சித்தி சொன்னார், "ரோடு போட்டுட்டாங்க போலருக்குடா."

"ஆமா சித்தி" என்றேன்.