பேசாத பலூன்

2020 ஊரடங்கில் எட்டாம் வகுப்புக்கு ஆன்லைனில் தமிழ் எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், அதில் பெயர்கள். "புரியுதா?" என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான்.

ஒருநாள் 'தி ரெட் பலூன்' போட்டேன். 1956இல் வந்த பிரெஞ்சுக் குறும்படம், 34 நிமிடம். வசனம் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் அசல் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது! பாரிஸ் தெருக்களில் ஒரு பையன் பின்னாலேயே பலூன் நாய்க்குட்டி மாதிரி சுற்றும்.

ஸ்கிரீன் ஷேரில் படம் திக்கித் திணறியது. என் தப்புதான். அப்புறம் லிங்கை முந்தின நாளே வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, வகுப்பில் ஒரு சின்னத் துண்டை மட்டும் ஓட்டி நிறுத்தினேன். பலூனோடு பஸ்ஸில் ஏறவிடாத இடம்.

"இப்போ பலூன் என்ன சொல்லும்?"

அண்ணன் போனில் வரும், வாயே திறக்காத ஒரு பெண் மைக்கை ஆன் செய்தாள். பின்னணியில் குக்கர் விசில்.

"என்னை ஏத்த மாட்டாங்களாம்டா. நீ போ, நான் பின்னாடியே வர்றேன்."

சாட் பெட்டி நிரம்பி வழிந்தது. நேர்க்கூற்று, அயற்கூற்றை அந்த ஒரு வரியை வைத்தே நடத்தி முடித்தேன்.