சின்னப் பலகைகளைத் தேடி: எழுவர் குழுவின் கனடாவில்

கனடாவில் கொஞ்ச நாள் தங்கினாலே போதும், ஒரு மரம் உங்களைத் துரத்த ஆரம்பித்துவிடும். ஏரிக்கரைப் பாறையில் தனியாக நிற்கும், கிளைகள் தொங்கிப்போன ஒரு பைன் மரம். காலண்டரில் இருக்கும், காபிக் குவளையில் இருக்கும், பல் டாக்டர் அறைச் சுவரிலும் இருக்கும். 1967இல் நாட்டின் நூற்றாண்டுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் 10 சென்ட் தலையில் இருந்ததும் இதே மரம்தான். வரைந்தவர் டாம் தாம்சன், படத்தின் பெயர் 'ஜாக் பைன்'.

தாம்சனையும், அவருடைய ஓவிய நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்த 'எழுவர் குழு'வையும் தேடி ஒரு சுற்றுப் போகவேண்டும் என்று டொரண்டோவில் இருக்கும் அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, ஸ்கூல்ல இதையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு" என்றான். ஆனாலும் கார் சாவியை எடுத்துக்கொண்டான். அக்டோபர் தொடக்கம், இலைகள் நிறம் மாறும் காலம் என்பதால் அவனுக்கும் ஒரு சாக்குக் கிடைத்தது.

முதலில் கிளைன்பெர்க். டொரண்டோவுக்கு வடக்கே, ஹம்பர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், மரத்தடிகளும் கல்லும் வைத்துக் கட்டிய மெக்மைக்கேல் கலைக்கூடம். ராபர்ட் மெக்மைக்கேலும் அவர் மனைவி சைனியும் தங்கள் வீட்டில் சேர்த்த படங்களை, வீட்டோடும் நிலத்தோடும் 1965இல் ஒன்டாரியோ அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் உள்ளே நடக்கும்போது மியூசியம் என்ற உணர்வே வருவதில்லை. ஒரு பெரிய ஜன்னல், அதில் உண்மையான காடு, பக்கத்துச் சுவரில் வரைந்த காடு. இரண்டு காட்டுக்கும் நடுவே கண் போய்ப் போய் வருகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொரண்டோவில் 'கிரிப்' என்று ஒரு வணிக வடிவமைப்பு நிறுவனம். விளம்பரம், பட்டியல் புத்தகம், எழுத்து அலங்காரம் என்று எல்லாம் செய்யும் இடம். அங்கே வேலை பார்த்தவர்கள் ஜே.இ.எச். மெக்டொனால்ட், ஆர்தர் லிஸ்மர், ஃபிரெட்ரிக் வார்லி, ஃபிராங்க்ளின் கார்மைக்கேல், ஃபிராங்க் ஜான்ஸ்டன், அப்புறம் டாம் தாம்சன். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இருவர்: மான்ட்ரியால்காரர் ஏ.ஒய். ஜாக்சன், விவசாய இயந்திரம் செய்யும் மாஸி-ஹாரிஸ் குடும்பத்தின் பணக்காரப் பிள்ளை லாரன் ஹாரிஸ். 1913 ஜனவரியில் ஹாரிஸும் மெக்டொனால்டும் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய் ஸ்காண்டிநேவிய ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தார்கள். பனி, ஊசியிலை மரம், வடக்கு வெளிச்சம். நம் ஊரும் இப்படித்தானே இருக்கிறது, நாம் ஏன் இன்னும் ஐரோப்பியப் புல்வெளி மாதிரியே வரைந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியிருக்கிறது. எல்லாம் அங்கிருந்துதான் சூடு பிடித்தது. 1920 மே மாதம் டொரண்டோ கலைக்கூடத்தில் 'எழுவர் குழு' என்ற பெயரில் முதல் கண்காட்சி. அந்த எழுவரில் தாம்சன் இல்லை. அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துபோயிருந்தார்.

பத்திரிகைகள் சும்மா விடவில்லை. குழு உருவாவதற்கு முன்பே, 1913இல், ஒரு விமர்சகர் இவர்களுக்குச் 'சுடு கூழ்ப் பள்ளி' என்று பட்டம் கட்டிவிட்டார். 1916இல் மெக்டொனால்ட் தன் வீட்டுத் தோட்டத்துச் சூரியகாந்திகளை வரைந்த 'சிக்கலான தோட்டம்' படத்துக்கும் நல்ல அடி. ஊரில் மரியாதை வருவதற்கு லண்டன் சொல்லவேண்டியிருந்தது: 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் ஆங்கிலேய விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஜாக்சனின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகப் படத்தை டேட் கலைக்கூடம் வாங்கியது. தேசிய ஓவியம் என்று மார்தட்டியவர்களுக்கு வெளியூர்ச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் உள்ளூரில் வாசல் திறந்தது!

கலைக்கூடத்துக்கு வெளியே, புல்தரையில் ஒரு மரக் கொட்டகை. டொரண்டோவில் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில், ஹாரிஸும் கண் மருத்துவர் ஜேம்ஸ் மெக்காலமும் பணம் போட்டு 1914இல் கட்டிய ஸ்டூடியோ கட்டடத்தின் பின்னால் இருந்தது இது. மாதம் ஒரு டாலர் வாடகைக்குத் தாம்சன் தங்கியிருந்தார். 1962இல் மெக்மைக்கேல் தம்பதி அதை வாங்கி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நரைத்த பலகைச் சுவர்கள், வெளிச்சத்துக்காக ஒரு பெரிய ஜன்னல், அவ்வளவுதான். வெளியே நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. காட்டின் அடையாளமாக நாடே கொண்டாடும் 'ஜாக் பைன்', 'மேற்குக் காற்று' இரண்டும் 1916-17 குளிர்காலத்தில், நகரத்தின் நடுவே, இந்தக் கொட்டகைக்குள் வரைந்தவை. காட்டில் வரைந்தவை வேறு.

அந்த வேறு எதுவென்றால், சின்னப் பலகைகள். ஏறக்குறைய 21 சென்டிமீட்டருக்கு 27 சென்டிமீட்டர், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் அளவு. கையில் தூக்கிப் போகிற ஒரு பெட்டி, அதன் மூடிதான் படத்தைத் தாங்கும் சட்டம். ஈரம் காயாத பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் செருகிவைக்கப் பெட்டிக்குள் இடம் இருக்கும். கொசுவும் காற்றும் விடாமல் துரத்தும் இடத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் மாறுவதற்குள் முடித்தாகவேண்டும். மெக்மைக்கேலில் ஒரு பலகைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தேன். வானம் முழுவதும் தட்டையான, தடித்த தூரிகைக் கீறல்கள். கீறல்களுக்கு நடுவில் சாயம் படாத பலகையின் பழுப்பு அப்படியே தெரிகிறது. அந்தப் பழுப்புதான் தூரத்து மரங்களுக்கு உடம்பு கொடுக்கிறது. எங்கே வரையாமல் விடுவது என்று தெரிந்த கை.

பெரிய கேன்வாஸ்களில் இந்த அவசரம் இல்லை. அங்கே டிசைனர் கண்விழித்துவிடுகிறார். விளம்பர வேலையில் பழகிய சுத்தமான வெளிக்கோடு, தட்டையான நிறம், வளைந்த கிளை. அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போஸ்டர் அழகு. ஹாரிஸிடம் இது இன்னும் முற்றியது. 1920களில் சுப்பீரியர் ஏரிக்கரைக்குப் போனவர், தேவையில்லாததையெல்லாம் கழித்துக் கழித்து, கடைசியில் மலையைப் பனிக்கூம்பாகவும் மேகத்தைப் பலகையாகவும் ஆக்கிவிட்டார். அவருடைய மலைப்படம் ஒன்று 2016இல் 1 கோடியே 12 லட்சம் கனடா டாலருக்கு ஏலம் போனது. என்னிடம் அந்தப் பணம் இருந்தாலும் அதை வாங்கமாட்டேன். (இல்லாததால் சொல்வது சுலபம்.)

அடுத்து அல்கான்குவின் பூங்கா, டொரண்டோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டவேண்டும். இலையுதிர் கால வார இறுதியில் வாகன அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். 60ஆம் எண் நெடுஞ்சாலையின் 14ஆவது கிலோமீட்டரில் கனூ ஏரி. படகு வாடகைக்குக் கிடைக்கிறது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வடக்கு நோக்கித் துடுப்புப் போட்டோம். எதிர்க்காற்று, மருமகன்தான் பாதிக்கு மேல் உழைத்தான்.

1917 ஜூலை 8ஆம் தேதி தாம்சன் கனூ என்ற துடுப்புப் படகில் கிளம்பியது இந்த ஏரியில்தான். கவிழ்ந்த படகு முதலில் கிடைத்தது, உடல் எட்டு நாள் கழித்து மிதந்தது. வயது 39. தவறி விழுந்தாரா, அடித்துக் கொன்றார்களா என்று நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. கரையில் ஒரு மேட்டில், அதே ஆண்டு நண்பர்கள் எழுப்பிய கற்குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. படகை ஓரம் கட்டிவிட்டு ஏறவேண்டும். உலோகப் பலகையில் உள்ள வாசகத்தை அமைத்தவர் மெக்டொனால்ட். கலைஞர், காட்டு மனிதர், வழிகாட்டி என்று மூன்றாகத் தாம்சனைச் சொல்கிறது.

மேட்டில் நின்று பார்த்தால் ஏரி, பாறை, காடு. படத்தில் பார்த்தது மாதிரியே ஆள் அரவமில்லாத காடு. ஆனால் தாம்சன் காலத்தில் இது அப்படி இல்லை. அவர் தங்கிய மோவாட் லாட்ஜ், இந்த ஏரிக்கரையில் ஒரு மரக் கம்பெனி கைவிட்டுப் போன குடியிருப்பில் இருந்தது. பக்கத்திலேயே ரயில் நிலையம். மரத்தடிகளை மிதக்கவிட அணைகள், வெட்டிய காடு, எரிந்த மலைகள். 1916 கோடையில் அவரே காட்டுத்தீ காவலராக வேலை பார்த்தவர். இதற்கெல்லாம் முன்பிருந்தே அல்கான்குவின் பழங்குடி மக்களின் நிலம் இது. பூங்காவுக்கு அவர்கள் பெயரை வைத்தார்கள். எழுவர் குழுவின் பெரிய நிலக்காட்சிகளில் அந்த மக்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். யாருமில்லாத வடக்கு என்பது கண்ணில் பட்ட காட்சி இல்லை, செய்த முடிவு. பெண்களுக்கும் குழுவில் இடமில்லை. 1927இல் மேற்குக் கரையிலிருந்து வந்த எமிலி கார் என்ற பெரிய ஓவியரை ஹாரிஸ் மனதாரப் பாராட்டினார், கடிதம் எழுதி ஊக்கப்படுத்தினார். உறுப்பினர் ஆக்கவில்லை. 1933இல் குழு கலைந்து, கனடிய ஓவியர் குழு என்ற பெரிய அமைப்பு வந்தபோதுதான் கதவு அகலமாகத் திறந்தது.

கிளைன்பெர்க் கொட்டகைக்கு ஒரு பின்கதை உண்டு. 1979இல் அனிஷினாபே பழங்குடி ஓவியர் நார்வல் மொரிஸோ அந்தக் கலைக்கூடத்தின் விருந்தினராக வந்து, தாம்சனின் கொட்டகையிலேயே வேலை செய்தார். கறுப்புக் கோடுகளுக்குள் கொதிக்கும் நிறங்களில் மனிதரும் மீனும் பறவையும் ஒருவருக்குள் ஒருவராக இருக்கும் படங்கள் அவருடையவை. ஆளில்லாத நிலத்தின் புனிதக் கொட்டகைக்குள் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர். இந்தத் தகவலைச் சொன்னதும்தான் மருமகன் முதல்முறையாகப் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.

திரும்பி வந்து ஒன்டாரியோ கலைக்கூடத்துக்குப் போனோம். கென் தாம்சன் என்ற பத்திரிகை அதிபர் கொடுத்த சேகரிப்பு அங்கே இருக்கிறது. ஓவியர் தாம்சனுக்கு அவர் உறவில்லை, பெயர்தான் ஒன்று. அந்தச் சேகரிப்பில் தாம்சனின் சின்னப் பலகைகள் நிறைய. 1915இல் வரைந்த 'தீ துடைத்த மலைகள்' முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கருகிய மரங்கள், சாம்பல் நிறச் சரிவு, பாறை வழியும் இடத்தில் சாயமும் வழிகிறது. அணையையும் மரத்தடிகளையும்கூட அவர் வரைந்திருக்கிறார். எரிந்த காட்டை மறைக்காமல் வரைந்தவர் அவர். காலண்டருக்குத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் தனி மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

'ஜாக் பைன்' பெரிய படம் ஒட்டாவாவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. எனக்குப் பார்க்கவேண்டியது அதன் சின்னப் பலகை. அது நயாகராவுக்குப் பக்கத்தில், க்வீன்ஸ்டன் என்ற சிற்றூரில், ரிவர்பிரிங்க் என்ற சிறிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அருவி பார்க்கப் போகிறவர்கள், பலகை காட்சியில் இருக்கிறதா என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொண்டு, காரை அப்படியே வடக்கே திருப்பினால் போதும்.