மூன்றாவது டேப் நின்றுவிட்டது (மண்டபம் ஊர், ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவர்)

சுவர் ஓட்டையை அடைத்த துண்டின் ஓரத்தில் ஒட்டி நாலு நாள் ஆகிறது, டேப் இன்னும் கிளம்பவில்லை. கதவுக் குமிழ் இடித்து உடைந்த இடம், சதுரித்து அறுத்தபின் எட்டுக்குப் பத்து அங்குலம். பின்னால் பிளைவுட் பட்டை, 12.5 மி.மீ. போர்டுத் துண்டு எல்லாம் வழக்கம்போல. தகராறு முழுக்க ஓர ஒட்டில்தான்.

முதல் தடவை வலை டேப்பும் வெள்ளை சிமெண்டுப் பட்டியும். மயிரிழை விரிசல். அது காரைச் சுவருக்கு உள்ள சரக்கு, அதிர்கிற போர்டுக்கு ஆகாது. இரண்டாவது தடவை பேப்பர் டேப், ஜாயின்ட் காம்பவுண்டு பவுடர் (போர்டு இணைப்பை நிரப்பும் பவுடர்), ஆனால் குழைத்தது உப்புப் போர் தண்ணீரில். உப்பு பவுடரைச் சீக்கிரம் இறுக வைக்கும். காய்ந்தபிறகும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரம் வெள்ளை பூத்து, டேப் அப்பளம் மாதிரி எழும்பியது. இந்தத் தடவை காவிரித் தண்ணீர். குடிக்கிற தண்ணீரில் பூச்சு வேலையா என்றால், ஆமாம், ஒரு லிட்டர்கூடச் செலவாகாது.

இனி டேப். அறுத்த விளிம்பைக் கத்தியால் சரித்து, தூசியை ஈரத்துணியால் துடைக்கணும். காம்பவுண்டு கெட்டி இட்லி மாவுப் பதம், நாலு அங்குல அகலம், 2 மி.மீ. கனம். டேப்பின் நடு மடிப்பு புடைத்த பக்கம் சுவரைப் பார்க்கணும். பட்டித் தகட்டைச் சாய்த்து நடுவிலிருந்து வெளியே இழுத்தால் இரண்டு ஓரத்திலும் மாவு பிதுங்கும். பிதுங்காத இடம் பட்டினி. அழுத்தி மொத்தத்தையும் வழித்தாலும் அதே கதி, அடியில் 1 மி.மீ. இருக்கணும். காய்ந்ததும் விரலால் தட்டிப் பாருங்கள், சலசலத்தால் அந்த இடத்தைக் கீறி எடுத்து மறுபடி நிரப்புவதைத் தவிர வழியில்லை. மூலைகளில் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் முட்டவிட்டால் மேடு தட்டாது.

வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு நாளில் காயாது. ஃபேனை நேராக வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி வெடிக்கும்; சுவரைப் பார்க்காமல் திருப்பி வைக்கணும்.

துண்டை முடுக்கக் கறுப்பு ஸ்குரூ வாங்காதீர்கள். கடல் காற்றுக்குத் துருப்பிடித்து, பெயிண்டுக்கு மேலே பழுப்புப் பொட்டு வைக்கும். எவர்சில்வர் ஸ்குரூ ராமநாதபுரம் டவுனில் கேட்டால் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். பவுடருக்கு வேறு தொல்லை: தேவை ஒரு கிலோ, கடையில் இருப்பது 20 கிலோ மூட்டை. பிரித்த மூட்டை இந்த ஊரில் சீக்கிரமே கட்டி தட்டிவிடும். மீதி இப்போது பழைய எண்ணெய் டின்னில், மூடியைச் சுற்றி டேப்போடு.

பத்து அங்குல அகலக் கடைசிப் பூச்சும் 220 உப்புத்தாளும் பாக்கி. அதற்குள் குளியலறைப் பக்கத்துக்கு ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு விலை விசாரித்தாயிற்று.